குறைமாதக் குழந்தையின் குடல் நோய்: காலத்தே கண்டறிதல்

32 வாரங்களுக்கு முன்னர், அல்லது 1500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளின் குடல் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. அவர்களுட் சிலருக்குக் குடற்சுவர் அழற்சியுற்றுத் திசுக்கள் அழியும் கடும் நோய் உண்டாகலாம். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ‘நெக்’ என்பர். பிறந்து சில வாரங்களில், குழந்தை பால் குடித்துத் தேறிவரும் வேளையிலேயே பெரும்பாலும் இது தோன்றும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
• வயிறு உப்பி இறுகுதல்
• பால் செரியாமை, பச்சை நிற வாந்தி
• மலத்தில் இரத்தம்
• வழக்கத்திற்கு மாறான சோர்வு, மூச்சு இடையிடையே நிற்றல்

சில மணி நேரத்திலேயே நிலை மோசமடையக்கூடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே மூலம் கண்டறிந்தால், பாலூட்டலை நிறுத்தி, இரத்தநாளம் வழியாக ஊட்டமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அளித்துப் பலரைக் குணப்படுத்தலாம். குடலில் துளை விழுந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தாய்ப்பால் இந்நோயின் அபாயத்தைக் குறைக்கிறது.

டார்னெய்ட் பெற்றோரின் மிகச் சிறிய குழந்தைகள் பார்க்வில் போன்ற இடங்களிலுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடலாம். குழந்தையின் அன்றாட இயல்பை அருகிருந்து அறிந்தவர்கள் பெற்றோரே. ஆகவே, சிறு மாற்றம் தென்படினும் தயங்காது தாதியிடம் உடனே கூறுதல் வேண்டும். ஆங்கிலம் தடையெனில், பொது மருத்துவமனைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம்.

வீடு திரும்பிய பின் பச்சை வாந்தியோ மலத்தில் இரத்தமோ காணப்பட்டால், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும். குழந்தை துவண்டாலோ மூச்சுத் திணறினாலோ 000 ஐ அழைக்கவும்.

தாய் சேய் நலத் தொலைபேசிச் சேவை (24 மணி நேரமும்): 13 22 29
உரைபெயர்ப்புச் சேவை: 131 450