தமிழ்நாட்டில் சொத்துச் சேத வழக்குகளும் தண்டனைகளும்

தமிழ்நாட்டில் சொத்துச் சேத வழக்குகள் என்பவை, பிறருக்கோ அரசுக்கோ உரிமையான சொத்தை வேண்டுமென்றே சிதைத்தல், உடைத்தல், எரித்தல் ஆகிய செயல்களுக்காகத் தொடரப்படும் குற்றவியல் வழக்குகளாகும். இவ்வழக்குகளுக்கு மூன்று வெவ்வேறு சட்டங்கள் பொருந்தக்கூடும். ஒரே செயலுக்கு அவற்றுள் எது பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பிணை, தண்டனை அளவு, பிற விளைவுகள் ஆகியவை பெரிதும் வேறுபடுகின்றன.

பொருந்தும் சட்டங்கள்

பொதுக் குற்றவியல் சட்டம்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 427ஆம் பிரிவு, 50 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சேதத்திற்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு, சேதத்தின் மதிப்புக்கேற்பத் தண்டனையை வகுக்கிறது. 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்திற்குக் குறைவான சேதத்திற்கு 2 ஆண்டுகள் வரையும், ஒரு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சேதத்திற்கு 5 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கலாம். சிறைக்கு மாற்றாக அபராதம் மட்டும் விதிக்கவும் இடமுண்டு.

நடுவண் அரசின் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம், 1984: அரசு, உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் சொத்துக்கள் இதில் அடங்கும். உச்ச அளவு 5 ஆண்டுகள். குடிநீர், மின்சாரம், பொதுப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்றவற்றுக்குரிய சொத்தானால் குறைந்தது 6 மாதக் கடுங்காவல் உண்டு. தீ அல்லது வெடிபொருளால் சேதம் விளைவித்தால் ஓராண்டு முதல் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கப்படும். சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்து, நீதிமன்றம் குறைந்த அளவிலும் தாழ்ந்த தண்டனை வழங்கலாம்.

தமிழ்நாடு சொத்து (சேதம் மற்றும் இழப்புத் தடுப்பு) சட்டம், 1992: தொடக்கத்தில் இது பொதுச் சொத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தலைப்பிலிருந்து 'பொது' என்னும் சொல் நீக்கப்பட்டு, தனியார் சொத்தும் சேர்க்கப்பட்டது. 3ஆம் பிரிவின்படி 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சேதத்திற்கு ஓராண்டு முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. தீவைப்புக்கு 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

சட்டத் தேர்வின் விளைவு

சென்னை அபிராமபுரத்தில் அண்டை வீட்டாரிடையே ஏற்பட்ட தகராறில் ஒருவர் மற்றவரின் கார்க் கண்ணாடியை உடைத்தார் எனக் கொள்வோம். பொதுச் சட்டத்தின் கீழ் மட்டும் வழக்கு பதியப்பட்டால், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் அது அபராதத்துடன் முடியக்கூடும். மாநிலச் சட்டமும் சேர்க்கப்பட்டால், காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம். பிணை உரிமையாகக் கிடைக்காது. தண்டனைக்கும் கீழெல்லை வந்துவிடும். எனவே முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பிரிவே வழக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மாநிலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 5 ஆண்டுகள் வரை என்று கூறினும், முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதிக்க இயலாது. அதற்கு மேல் தேவையெனக் கருதினால், வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். 10 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய தீவைப்பு வழக்குகள் அமர்வு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன.

மெய்ப்பிக்க வேண்டியவை

அரசுத் தரப்பு பொதுவாகப் பின்வருவனவற்றை மெய்ப்பிக்க வேண்டும்.

* சேதம் உண்மையில் ஏற்பட்டது, அதன் மதிப்பு எவ்வளவு என்பது. வாகனமானால் ஆய்வாளரின் அறிக்கையும், கட்டடமானால் பொறியாளரின் மதிப்பீடும் சான்றாகின்றன.
* செயல் வேண்டுமென்றோ, சேதம் நேரும் என்று அறிந்தோ செய்யப்பட்டது என்பது. தற்செயலான விபத்து இக்குற்றமாகாது.
* குற்றம் சாட்டப்பட்டவரே அதைச் செய்தார் என்பது.

கூட்டத்தினர் செய்த சேதங்களில் மூன்றாவதே கடினமானது. சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினர் என்ற அடிப்படையில், கல்லெறியாதவரும் பொறுப்பாகலாம். ஆயினும் அவர் அக்கூட்டத்தில் இருந்தார் என்பது நிறுவப்பட வேண்டும். பலர் குற்றம் சாட்டப்பட்ட வழக்குகளில், இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணின்றி ஒருவரைச் சுட்ட வேண்டும் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1964இல் மசால்தி வழக்கில் ஏற்றது.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கு: 2000 பெப்ரவரி 2 அன்று, ஜெயலலிதா ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது, தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மாணவிகள் மூவர் இறந்தனர். சேலம் நீதிமன்றம் 2007இல் மூவருக்குத் தூக்குத் தண்டனையும், 25 பேருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. 2010இல் தூக்குத் தண்டனையை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2016 மார்ச் 11 அன்று அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்ட வெறியில் நிகழ்ந்ததாகவும், இறந்தவர்களைக் கொல்லும் முன்திட்டம் இல்லை எனவும் கருதப்பட்டது. மூவரும் 2018 நவம்பரில் விடுவிக்கப்பட்டனர். இவ்வழக்கில் உயர்ந்த தண்டனைக்குக் காரணம் கொலைக் குற்றமே. சொத்துச் சேதம் அன்று.

பாலகிருஷ்ண ரெட்டி வழக்கு: 1998இல் ஒசூர் அருகே பாகலூரில் கள்ளச்சாராயத்திற்கு எதிரான போராட்டத்தில் கல்வீசி வாகனங்களைச் சேதப்படுத்தியதாக 108 பேர் மீது வழக்கு தொடரப்பட்டது. 2019 சனவரி 7 அன்று சென்னைச் சிறப்பு நீதிமன்றம், அப்போது அமைச்சராக இருந்த பி. பாலகிருஷ்ண ரெட்டி உள்ளிட்ட 16 பேருக்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டபோதிலும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி 2 ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை தகுதியிழப்பைத் தருவதால், அவர் பதவி விலகினார். ஒசூர்த் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் இழந்த பதவிக்காலம் திரும்பவில்லை.

வழக்கு திரும்பப் பெறல்

அரசு வழக்கறிஞர் நீதிமன்ற இசைவுடன் வழக்கைத் திரும்பப் பெறலாம். 2017 சல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளில், காவலர் மீதான தாக்குதல், தீவைப்பு ஆகியவை நீங்கலாக மற்றவை திரும்பப் பெறப்படும் எனத் தமிழக அரசு 2021 பெப்ரவரியில் அறிவித்தது. நீதிமன்ற இசைவு வெறும் சடங்கன்று. 2015இல் கேரளச் சட்டமன்றத்தில் சுமார் 2.2 லட்சம் ரூபாய் சேதம் விளைவித்த உறுப்பினர்கள் மீதான வழக்கைத் திரும்பப் பெற, 2021 சூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவைச் சிறப்புரிமை சொத்துச் சேதத்தைக் காக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இழப்பீடு

சிறைத் தண்டனையால் சொத்தை இழந்தவருக்கு எதுவும் கிட்டுவதில்லை. இக்குறையைக் கருதி, 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்வலம், போராட்டம் ஆகியவற்றில் நேர்ந்த சேதத்திற்கு அவற்றை நடத்திய கட்சியிடமோ அமைப்பிடமோ இழப்பீடு பெற வழிசெய்கிறது. 2013ஆம் ஆண்டு வன்முறைகளை அடுத்துப் பாட்டாளி மக்கள் கட்சிக்கு இவ்வாறு அறிவிப்பு அனுப்பப்பட்டது. அக்கட்சி அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகியது. உச்ச நீதிமன்றமும் 2009இல் கோரிக்கை ஆணையர் வழியாக இழப்பைக் கணக்கிடும் நெறிகளை வகுத்தது. மதிப்பிடப்பட்ட தொகையைச் செலுத்துவதைப் பிணைக்கு நிபந்தனையாக்கும் நெறி, 2018 அக்டோபர் 1 அன்று கொடுங்கல்லூர் திரைப்படக் கழக வழக்கில் வலியுறுத்தப்பட்டது.

மேலும் காண்க

* தருமபுரி பேருந்து எரிப்பு
* இந்திய தண்டனைச் சட்டம்
* சென்னை உயர் நீதிமன்றம்
* மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951