டர்னிப் விளக்கும் பூசணி விளக்கும்

அக்டோபர் 31-ந் தேதி இரவை மேல்நாட்டார் 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகின்றனர். பேய் வேஷம் பூண்ட குழந்தைகள் வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்கள். வாசல்தோறும் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய்க்குள் விளக்கு எரியும். இதை அமெரிக்கப் பண்டிகையென்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இது அந்நிய ஆட்சியில் நலிந்த ஓர் ஏழை ஜனசமூகத்தின் சொத்தாகும்.

அயர்லாந்தில் அறுவடை முடிந்து, கோடை மேய்ச்சலினின்றும் மாடுகளைத் திருப்பி ஓட்டிவந்து, குளிர்காலத்தைத் தொடங்கிய நாளே 'ஸாவின்'. அன்று மாய ஜாதியார் வசிக்கும் மேடுகள் திறந்துகொள்ளும் என்று ஐரிஷ் பழங்கதைகள் கூறும். கிறிஸ்தவ சபை 9-ம் நூற்றாண்டில் சகல புனிதர் திருநாளை நவம்பர் 1-ந் தேதியில் நிலைநிறுத்தியது. அதற்கு முந்தின இரவே ஹாலோவீன். பழைய பண்டிகையை விழுங்கவே பாதிரிமார் இத்தேதியைத் தேர்ந்தனர் என்று சிலர் அடித்துச் சொல்லுகின்றனர். நாம் இதை ஒப்புவதற்கில்லை. ஆதி ஐரிஷ் சபையார் அத்திருநாளை ஏப்ரல் 20-ல் அனுஷ்டித்திருக்க, நவம்பர்த் தேதி ஐரோப்பாக் கண்டத்திலிருந்தன்றோ வந்தது!

அந்நாட்டுக் குடியானவர்கள் குடைந்தது பூசணியன்று, டர்னிப் கிழங்கு. மேயோ ஜில்லாவிலுள்ள தேசியக் காட்சிச்சாலையில் அத்தகைய கிழங்கு முகத்தின் அச்சு ஒன்று இருக்கிறது. பூசணியின் சிரித்த முகம் எங்கே, வற்றிச் சுருங்கிப் பல்லைக் காட்டும் அந்த முகம் எங்கே! பேயென்றால் அதுவன்றோ பேய்!

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். ஜனங்கள் பட்டினியால் மடிகையில், தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உடுத்திய துணியோடு அமெரிக்கா சேர்ந்தவர்கள் தங்கள் பேய் இரவையும் கொண்டுசென்றனர். ஸ்காட்லாந்தினின்றும் குடியேறியோரிடமும் இவ்வழக்கம் இருந்தது. அங்கே பெரிதாகவும் குடைய எளிதாகவும் விளைந்த பூசணி, கிழங்கின் ஸ்தானத்தைப் பிடித்தது. வாலிபர்களின் அன்றிரவுக் குறும்பு எல்லை மீறவே, ஊரார் தின்பண்டம் கொடுத்துச் சமாதானம் செய்யலாயினர். யுத்தகாலச் சர்க்கரை ரேஷன் 1947-ல் நீங்கியதும் மிட்டாய் வியாபாரிகள் பண்டிகையைக் கைப்பற்றிக்கொண்டனர்.

இன்று அதே சரக்கு அயர்லாந்துக்குத் திரும்ப இறக்குமதியாகிறது. ஆப்பிளும் கொட்டைகளும் கேட்டுச் சென்ற சிறுவரின் பேரப்பிள்ளைகள் கடைகளில் பூசணிக்காயும் பிளாஸ்டிக் முகமூடியும் வாங்குகின்றனர். தம் பாட்டனாருடைய பண்டிகையைக் காசு கொடுத்து வாங்கும் விந்தை இது! ஆயினும் உலர்ந்த திராட்சை சேர்த்த 'பார்ம்பிராக்' ரொட்டியை அவர்கள் இன்னும் விடவில்லை. அதனுள் ஒரு மோதிரம் ஒளித்திருக்கும். யாருடைய துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு ஒரு வருஷத்திற்குள் கல்யாணமாம்.