நாட்டுப்புறத் தங்குமனை



“நம் ஊரில் வெளியூரார் வந்து பார்ப்பதற்கு என்ன சேர் இருக்கிறது?” என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். அவ்வினாவுக்கு விடையாக, தென் பிரான்சின் செய்தியொன்றை முதலிற் கூற விரும்புகின்றேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரான்சின் மலைநாட்டுக் கிராமங்களில் இளைஞர் பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. நகரத்துச் சாமானியரோ விடுமுறை இருந்தும் விடுதிகளுக்குக் கொடுக்கப் பொருளின்றித் தவித்தனர். இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று தீர்க்கலாமென்று கண்டவர், தென்கிழக்கில் அந்நாளில் பாஸ்-ஆல்ப் எனப்பட்ட மாவட்டத்தின் செனற்றர் எமில் ஓபேர் ஆவார். 1951 இல் அம்மாவட்டத்தில் முதலாவது கிராமத் தங்குமனை திறக்கப்பட்டது. ‘ழீத்’ என்பது அதன் பெயர். 1955 இல் இத்தகைய மனைகளுக்கென நாடளாவிய கூட்டமைப்பொன்றும் உருவாயிற்று.

இதன் முறை எளியது. குடியானவர் தம் பழைய வீட்டைச் செப்பனிட்டு, ஒரு குடும்பம் தானே சமைத்துண்டு தங்குமாறு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார். கூட்டமைப்பு வீட்டைப் பார்வையிட்டு, கோதுமைக் கதிர்களின் எண்ணிக்கையால் அதன் தரத்தைக் காட்டும். விருந்தினர் அங்கிருந்தே நாள்தோறும் அயற் கிராமங்களையும் சந்தைகளையும் மலைப்பாதைகளையும் கண்டு மாலையில் மனைக்குத் திரும்புவர்.

இனி நம் சவளக்கடைக்கு வருவோம். இங்கு ஒரு தங்குமனை அமையுமாயின், எத்திசை நோக்கினும் ஒரு நாளுக்குரிய காட்சி உண்டு. கிழக்கே களப்பைக் கடந்தால் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலும் மருதமுனைத் தறிகளும். வடபால் மண்டூர் முருகன் ஆலயம். தென்புறம் பழம்பெருமை வாய்ந்த தீகவாபித் தாதுகோபம். மேற்கே சென்றால், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவான சேனாநாயக்க சமுத்திரம். அதனைச் சூழ 1954 இல் நிறுவப்பட்ட தேசிய வனம் உள்ளது. அங்கு யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதைப் படகிலிருந்தே காணலாம். எங்கும் செல்ல மனமில்லாதவர் வரப்பில் நடந்து, எருமைத் தயிருண்டு, இளைப்பாறலாம்.

ஆயினும் விருந்தினருக்கு உண்மையை மறைத்தல் ஆகாது. பெரும்போக மாரி வலுத்தால் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவிவிடும். கல்முனைப் பாதை தடைப்படும். மாரி ஓய்ந்து அறுவடை தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களே வருவதற்கு உகந்தவை. இதனை முன்கூட்டியே சொல்லும் வீட்டுக்காரரையே விருந்தினர் நம்புவர்.

நேயர்களே, நம் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடுகள் சில, விளக்கேற்ற ஆளின்றி நிற்கின்றன. பெரிய விடுதி ஒன்று எழுந்தால் ஊரார் அங்கு கூலிக்காரராவர். வீடே தங்குமனையானால் ஊரார் அதன் உடைமையாளராவர். பாய் பின்னும் தாய்க்கும், தயிர் விற்கும் முதியவருக்கும், வழிகாட்டும் இளைஞனுக்கும் அவ்வருவாயிற் பங்கு கிடைக்கும்.

இதற்குக் கட்டுப்பாடும் வேண்டும். தூய கிணறு, நல்ல கழிப்பிடம், எழுதி வைத்த வாடகை ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே விளங்கும் ஊரின் ஒழுக்கத்தைப் பேணுதல் விருந்தினர் பொறுப்பு. வயலை மூடி விடுதி கட்டும் ஆசை எழுமாயின், காண வந்த காட்சியையே நாம் அழித்தவராவோம்.

விருந்தோம்பல் நமக்குப் புதிதன்று. அதனை ஒழுங்குபடுத்துதலே புதிது. பிரான்சியர் கோதுமைக் கதிரைத் தரத்தின் சின்னமாக்கினர். நம்மிடம் நெற்கதிர் உண்டு. என் மாணவனுக்கு நான் கூறும் விடையும் இதுவே: பார்ப்பதற்கு நிறைய உண்டு, தம்பி, முதலில் நாம் பார்க்கப் பழகுவோம்.