ஆங்கிலமும் நாமும் – 9: நடுவில் நிற்கும் பன்மை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆங்கிலம் போதிக்கும் உபாத்தியாயர் ஒருவர், பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்காருவாரானால், 'ஹி கோ டு ஸ்கூல்' என்ற வாக்கியத்தைக் காணாமல் எழுந்திருப்பது துர்லபம். 'கோஸ்' என்று சுழித்துத் திருத்தி, எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இசைவு இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லையே என்று அவர் அலுத்துக்கொள்வதும் உண்டு. அந்த அலுப்பில் நியாயம் இல்லை என்பதே நமது பக்ஷம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே திணையையும் பாலையும் வகுத்து, பெயரும் வினையும் அவற்றில் மயங்காமல் பொருந்த வேண்டும் என்ற விதியைச் சொல்லித்தான். அவருக்கு வெகுகாலம் பின்வந்த பவணந்தியாரோ, நன்னூலில் வழுக்களை ஏழு வகையாகப் பகுத்துக் காட்டினார். இவ்வளவு நுட்பமான இசைவை, எழுத்தறியாத பிராயத்திலேயே தாயின் வாய்மொழியால் கைவசப்படுத்திக்கொண்ட குழந்தைதான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டுப் பிள்ளையின் சாமர்த்தியம் இன்னும் விசேஷமானது. தமிழில் 'அக்கா வந்தாள்', 'பசு வந்தது' என்று இரண்டு முற்றுகளைப் பிரயோகிக்கும் அதே நாக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவுக்கும் பசுவுக்கும் பொதுவாக 'வச்சிந்தி' என்று ஒரே முற்றைச் சொல்கிறது. அக்காமார் பலரானால், ஆடவரோடு ஒரு வரிசையில் வைத்து 'வச்சாரு' என்கிறது. ஒரு தரமும் தடுமாறுவதில்லை.

அப்படியிருக்க, ஆங்கிலத்தின் அற்ப 'எஸ்' மட்டும் ஏன் நழுவிப் போகிறது? தமிழில் விகுதிக்கு உத்தியோகம் உண்டு. 'வந்தான்' என்ற ஒரு சொல்லே பூரணமான வாக்கியம். வந்தவன் ஒருவன், ஆண்மகன், பேசுவோனும் கேட்போனும் அல்லாத மூன்றாமவன் என்ற அத்தனையையும் அந்தச் சிறு விகுதியே சொல்லிவிடுவதால், எழுவாயை விட்டாலும் நஷ்டமில்லை. ஆங்கிலத்திலோ 'ஹி' என்று முன்பே சொல்லியாகிவிட்டது. பின்னால் ஒட்டும் 'எஸ்' புதிதாக ஒன்றையும் தெரிவிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறிய விகுதிகள் தேய்ந்துபோக, மிஞ்சிய எச்சம் அது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் விவிலியத்தில் அதன் இடத்தில் 'எத்' என்ற விகுதிதான் இருந்தது. வேலையற்ற விகுதியைப் பிள்ளை விட்டுவிடுவதில் ஆச்சரியம் என்ன?

இதைவிடச் சூக்ஷ்மமான இடர் வேறொன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வரும் மாம்பழத்தைப் பற்றி எழுதச் சொன்னால், நன்றாகப் படிக்கும் மாணவனும் 'த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ் ஆர் குட்' என்று எழுதிவிடுகிறான். 'ஈஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்' வந்தது எப்படி? தமிழில் அடைமொழிகளெல்லாம் தலைச்சொல்லுக்கு முன்னாலேயே நின்றுவிடும். 'இந்த மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது' என்னும்போது பழங்கள் முன்னே போய்விட, வினையின் பக்கத்தில் இருப்பது தரம் ஒன்றே. ஆகவே வினைக்கு முன்னால் அண்மையில் நிற்கும் பெயரைப் பார்த்து முற்றை அமைக்கும் வழக்கம், இத்தகைய தமிழ் வாக்கியங்களில் பிழையின்றியே நடந்துவருகிறது. ஆங்கிலத்தில் தலைச்சொல் முன்னே போய், அடைமொழி 'ஆஃப்' என்ற உருபோடு பின்னே வருவதால், பன்மைப் பெயரொன்று எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வந்து நின்றுகொள்கிறது. தமிழ்க் காதுக்கு அதுவே எழுவாயாகத் தொனிக்கிறது. நீண்ட எழுவாய்களில் ஆங்கிலேயர்களே இப்படி வழுக்கி விழுவதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஆஃப்' தொடங்கி வினைக்கு முன்வரையுள்ள பகுதியைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு, மிஞ்சியதை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும். சூத்திரத்தை உருப்போட வைப்பதை விட இது சுலபம்.

தொகுதிப் பெயர்களில் மட்டும் விரல் உதவாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்தின் கமிட்டி கூடுகிறது என்று எழுதப் புகுந்தால், கமிட்டியை ஒரே உருவாகக் கருதி 'ஈஸ்' போடலாம். அங்கத்தினர் பலராகக் கருதி 'ஆர்' என்றும் போடலாம். பிரிட்டனில் இரண்டும் செல்லும். அமெரிக்காவில் பொதுவாக ஒருமைதான். 'போலீஸ்' என்ற சொல்லுக்கோ இரு தேசத்திலும் பன்மை முற்றே வரும்.