நகத்தின் மேல் உருளும் அம்பு

நம் காப்பியங்களில் வில் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. மிதிலையில் ஒடிந்த வில்லைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். காண்டீபத்தின் நாணைத் தெறித்தாலே எதிர்ச்சேனை கலங்கிவிடும். நாணொலி, குணத்தொனி என்று அந்தச் சத்தத்துக்குத் தனிச் சொற்களே உண்டு. வில்லுக்குச் 'சிலை' என்றொரு பெயர். 'சிலைத்தல்' என்றால் முழங்குதல். (சிலை என்பது மரத்தின் பெயர், அதில் செய்ததால் வில்லுக்கு ஆகி வந்தது என்பார்கள். இருக்கட்டும், காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன.) அரசனின் வில் தன் வருகையை அறிவித்தாக வேண்டும். அங்கே சத்தம் என்பது அதிகாரத்தின் ஒரு உறுப்பு.

வேட்டைக்காரனுக்கு அதே சத்தம் பட்டினி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கையால் செய்த மரவில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 50 மீட்டர் போனால் பெரிய விஷயம். 20 மீட்டர் தள்ளி நிற்கும் மானை நாணின் சத்தம் 0.06 நொடியில் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.4 நொடி ஆகும். இடையில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு நொடி மானுக்குத் தாராளம். குனிந்து பாய்ந்துவிடும், அம்பு முதுகுக்கு மேலே போகும். ஆக, காட்டில் வில்லைக் கையாண்டவர்களின் அறிவில் பாதி, வில்லை எப்படி வாயடைக்க வைப்பது என்பதாகவே இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதியைப் பற்றி நம் பிரதிகள் ஏன் பேசவில்லை என்பதுதான் என் கேள்வி. பேசவே இல்லையா என்பதையும் பிறகு பார்க்கலாம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது? இழுத்த வில்லில் சேரும் விசை முழுவதும் அம்போடு போய்விடுவதில்லை. மிச்சம் வில்லின் கைகளிலும் நாணிலும் தங்கி அதிர்கிறது, அந்த அதிர்வைத்தான் நாம் கேட்கிறோம். எனவே அம்பு எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது விசையை வாங்கிக்கொண்டு போகும், வில் அடங்கும். லேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் வில் அலறும். அம்பே இல்லாமல் நாணை இழுத்துவிட்டால் மொத்த விசையும் வில்லுக்கே திரும்பி வரும், வில் ஒடிந்தாலும் ஒடியும். பெரம்பலூரில் என் அக்கா மகன் பள்ளிக்கூடத்துப் போட்டிகளுக்காக மூங்கில் வில் பழகுகிறான். சேர்ந்த முதல் நாள் அவனுக்குச் சொன்ன முதல் விதி, "வெறும் நாணை விடாதே." நம் காப்பிய நாயகர்கள் அந்த மைதானத்துக்கு வந்தால் அன்றே வெளியே அனுப்பப்படுவார்கள்.

அடுத்தது நாணின் நீளம். நாணை முறுக்கினால் குட்டையாகும், வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். ஒவ்வொரு வில்லுக்கும் ஓர் இடைவெளியில்தான் சத்தம் அடங்கும். அது எது என்பதை இரண்டு மூன்று முறுக்காக ஏற்றி இறக்கி, எய்து பார்த்து, காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, நாணின் இரண்டு முனைகளிலிருந்தும் ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் கம்பளி நூலையோ முடியுள்ள தோல் துண்டையோ சின்னக் குஞ்சமாகக் கட்டினால் அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும். பெரிசாகக் கட்டினால் அம்பின் வேகத்தையும் சேர்த்து விழுங்கும். முனை வளைந்த வில்லில் நாண் திரும்பி வந்து மரத்தை அறையும் இடம் ஒன்றிருக்கிறது, அங்கே ஒரு தோல் ஒட்டு. அம்பு உரசிப் போகும் இடத்திலும் அப்படியே. அம்பின் அடிப்பிளவு நாணில் தளர்வாக உட்கார்ந்தாலும் சத்தம் வரும், அதற்கு நாணின் நடுவில் நூல் சுற்றித் தடிப்பேற்ற வேண்டும். அவ்வளவுதான்.

தெற்கே வில்லுப்பாட்டுக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து, மணிகளைத் தொங்கவிட்டு, வீசுகோலால் நாணை அடிக்கிறார்கள். வேட்டைக்காரன் எங்கெல்லாம் அமுக்குகிறானோ அங்கெல்லாம் அவர்கள் திறந்துவிடுகிறார்கள். சத்தத்தின் இருப்பிடம் தெரியாமல் இரண்டில் எதையும் செய்ய முடியாது.

இனி அம்பு. ஒருநாள் பயல் அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது கைக் கட்டைவிரல் நகமும் நடுவிரல் நகமும் சேரும் பள்ளத்தில் வைத்து, வலது கையால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா பண்ற?" என்றேன். "கோணலா இருந்தா தடதடன்னு குதிக்கும் மாமா. நேரா இருந்தா சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது குறுந்தொகை 16 அல்லவா? பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு. கள்ளிக்காட்டில் பல்லி துணையைக் கூப்பிடும் ஒலிக்குத் தலைவியிடம் தோழி சொல்லும் உவமை, கள்வர்கள் இரும்பு முனை வைத்த அம்பைச் செப்பம் செய்ய நகநுனியில் வைத்துப் புரட்டும் ஓசை. எம்.ஏ. வகுப்பில் இது கூர்மை பார்ப்பது என்று சொல்லித்தந்தார்கள், நானும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் செப்பம் என்றால் நேர், ஒழுங்கு. கூரைப் பார்க்க அம்பைப் புரட்ட வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பல்லியின் குரல் விட்டுவிட்டு வருவது. நேரான அம்பு அப்படி ஒலிக்காது, கோணல் அம்புதான் நகத்தில் தட்டித் தட்டிக் குதிக்கும். அந்தப் பாட்டில் கேட்பது இன்னும் நேராகாத அம்பின் சத்தம். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் ஒரு அம்பை வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

குறுந்தொகையை 1937இல் பதிப்பித்த உ.வே.சா. இந்த மண்ணில் வளர்ந்தவர். அரியலூரில் சடகோபையங்காரிடமும் பிறகு குன்னத்திலும் தமிழ் கேட்டவர். பாலை நிலத்தை எங்கோ தேட வேண்டியதில்லை, அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளிலும் பெரம்பலூரின் கரம்புகளிலும் கள்ளி இன்றும் நிற்கிறது.

கோணல் தெரிந்தபின் செய்ய வேண்டியது, மூங்கில் அம்பைத் தணலின் மேல் காட்டிச் சூடேற்றி, வளைவுக்கு எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்தி, ஆறும்வரை பிடித்திருப்பது. ஒரே தடவையில் சரியாகாது, மழைக்காலத்தில் மறுபடி கோணும். எண்ணெய் தேய்த்து வைத்தால் ஈரம் ஏறாது, இரும்புக்கும் துரு பிடிக்காது. அம்பின் அடியில் பிளவுக்குக் கீழே நூல் சுற்றிக் கட்டாவிட்டால் நாண் அடியிலேயே பிளந்துகொண்டு போகும். நசுங்கிய இறகை ஆவியில் காட்டினால் தானே விரிந்துகொள்ளும். கல்லில் பட்ட அம்பைக் காதோரம் வைத்து லேசாக வளைத்துக் கேட்க வேண்டும். 'சிட்' என்றால் உள்ளே விரிசல், அதை ஒருபோதும் எய்யக்கூடாது, வில்லிலேயே சிதறிக் கையில் ஏறும்.

பெரும்பாணாற்றுப்படை எயினர் அரணைக் காட்டும்போது வில்லைச் சார்த்தி வைத்து அம்புகள் உறங்கும் வீடு என்கிறது. அடி பிளந்த அம்புக் கட்டுகளை மலைத்தேனடைக்கு ஒப்பிடுகிறது. கூர் கீழேயும் பிளந்த அடி மேலேயுமாக நிறுத்தி வைத்தால்தான் அப்படித் தெரியும். புலவர் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார். புறநானூறு 152இல் வல்வில் ஓரி யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஒரே அம்பில் துளைக்கிறான். அது போர் இல்லை, வேட்டை. ஆச்சரியம், அந்தப் பாட்டில் முழவும் யாழும் ஒலிக்கின்றன, நாண் ஒலிக்கவே இல்லை. ஆகவே பிரதிகள் பேசவில்லை என்பது சரியல்ல. நாம் காப்பியக் காதோடு அவற்றைப் படித்திருக்கிறோம்.

ஆனால் குறுந்தொகை அந்த அம்புக்காரர்களுக்கு வைத்த பெயர் கள்வர். வழிப்போக்கனின் பக்கமிருந்து கேட்டால் அம்பு செப்பனிடும் ஓசை ஆபத்து. செய்கிறவன் பக்கமிருந்து அது பராமரிப்பு. கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டம் முழு முழுச் சாதிகளுக்கு அதே பெயரைப் பதிவேட்டில் எழுதியது. இங்கே அது 1947இல்தான் நீங்கியது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதை விளக்கும்போது துப்பாக்கி, வலை, கண்ணியோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மான் பிழைத்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. வேட்டையை விட்டுப் பாசிமணிக்கு வந்த நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தார்கள். பச்சைமலையில் வில்லைத் தொட்டவர்களின் கைப்பழக்கத்தை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை என்பதில்தான் வருத்தம். அதன் ஒரு துண்டு, விளையாட்டு மைதானம் வழியாகச் சுற்றிக்கொண்டு என் அக்கா மகனின் நகத்துக்கு வந்திருக்கிறது.

பாட்டை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அம்பைச் சரிதானே பண்றாங்க, எதுக்குக் கள்வர்னு சொல்றாங்க?" என்றான். பாலைத்திணையில் அப்படித்தான் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லிவைத்தேன்.