தண்ணீர் போலத்தான் இருக்கும், தூக்கினால் தெரியும்

ஹைதராபாத் அல்வாலில் குடியிருந்து ஜீடிமெட்லா, பொல்லாரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரசாயனப் புட்டி புதிதல்ல. ஆனால் புரோமோஃபார்ம் ஏமாற்றும். நிறமில்லை, குளோரோஃபார்ம் மாதிரி இனிப்பு வாசனை. இரண்டரை லிட்டர் புட்டியைத் தூக்கினால் கை கீழே இழுக்கும். திரவம் மட்டுமே 7 கிலோவுக்கு மேல். தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.9 மடங்கு கனம்.

அந்தக் கனம்தான் அதற்கு வேலை வாங்கித் தந்தது. அணுக் கனிம இயக்ககத்தின் தலைமையகம் இருப்பது அதே நகரின் பேகம்பேட்டையில். மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் எவ்வளவு என்று பார்க்க, ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் புரோமோஃபார்மையே நம்பின. மணலைக் கொட்டினால் குவார்ட்ஸ் மிதக்கும்; கார்னெட், இல்மனைட், சிர்கான், மோனசைட் அடியில் படியும். பிறகு வடிதாளில் பிடித்த மணலை அசிட்டோனால் கழுவிக் காயவைப்பார்கள். என் கணிப்பில் மோசமான கட்டம் இதுதான். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் ஆவி உறிஞ்சும் கூண்டுக்கு (fume hood) வெளியே காயவைப்பவர்கள் உண்டு.

இதன் ஆவி காற்றைவிட 8 மடங்குக்கு மேல் கனம். தரையோடு தேங்கும், மேலே சுழலும் மின்விசிறியை நம்பிப் பயனில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் முதலில் வரும். நாள்பட்டால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். தோல் வழியாகவும் உள்ளே போகும். சாதாரண ரப்பர் கையுறை இதைத் தாங்காது. ஒரு காலத்தில் கக்குவான் இருமலுக்குக் குழந்தைகளுக்கே இதைக் கொடுத்தார்கள், அளவு மீறி இறந்தவர்களும் உண்டு. உடம்பில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றினால் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது போகவேண்டிய இடம் துண்டிகல்லில் உள்ள அபாயக் கழிவு மையம்.

மாற்று இருக்கிறது. சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் அதே வேலையைச் செய்யும், தண்ணீரிலேயே கழுவலாம். விலைதான் கூட.

கையாளும் ரசாயனத்தின் ஆபத்தை நிர்வாகம் தொழிலாளியிடம் சொல்லியே ஆகவேண்டும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த கடமை இது. கேட்டுப் பெறும் உரிமை 2020 பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் உண்டு. பெரிய புட்டியிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத சின்னப் புட்டிக்கு மாற்றித் தந்தால் தொடாதீர்கள். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள்.

நோய் வந்த பின் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், ஹைட்ரோகார்பன்களின் நச்சு ஹாலஜன் சேர்மங்களால் வரும் நோய்கள் இருந்தன. புரோமோஃபார்ம் அந்த வகைதான். இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த நோய்களை விட்டுவிடவில்லை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை பார்த்திருந்தால், நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பாடு. ஒப்பந்தக்காரர் வழியே சேர்ந்தவரும் மூல நிறுவனத்திடம் கேட்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு இழப்பீடு அந்த வழியில்; சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் என்ன ரசாயனம் என்று பெயர் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடவேண்டும். வேலைக்குப் போகமுடியாமல் தொடர்ந்து நின்ற முதல் நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும்.