மலையேறும் பாத்தியதை

ஸ்காட்லாந்து தேசத்திலே பெர்த்ஷையர் பிரதேசத்தில் ஷீஹாலியன் என்றொரு மலை உண்டு. உயரம் 3,553 அடி. உலகத்து மலைகளுக்குள் இது ஒரு குன்றென்றே சொல்லத்தகும். காலையிற் புறப்பட்டு மாலைக்குள் ஏறி இறங்கிவிடலாம். இம்மலையேறுவதற்கு எவரிடமும் சீட்டு வாங்க வேண்டுவதில்லை. நிலத்துக்குடையவரை அனுமதி கேட்க வேண்டுவதில்லை. வழிப்போக்கனை விரட்டும் வேட்டைக் காவலனும் அங்கில்லை. இந்நிலைமை எவ்வாறு உண்டாயிற்றென்று அறிந்த பின்னரே பிரயாண ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்று நாம் கருதுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மலைச்சரிவுகளிற் பெரும்பகுதி மான் வேட்டைக்காகப் பிரபுக்களாலும் தனவந்தர்களாலும் அடைக்கப்பட்டிருந்தது. 1847-ம் வருஷத்தில் எடின்பரோ சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரப் பேராசிரியர் பால்பர் தம் மாணாக்கருடன் கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் வழியே வந்தபோது, அத்தால் கோமகனும் அவருடைய ஆட்களும் வழிமறித்தனர். செடிகொடிகளை ஆராய வந்த ஆசிரியருக்கே இக்கதியென்றால் ஏழை மேய்ப்பனின் கதியைக் கேட்க வேண்டுமா? கின்டெய்ல் பகுதியில் மக்ரே என்னும் ஏழைக் குடியானவனின் செல்ல ஆட்டுக்குட்டியொன்று, வைனன்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர் வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்த விசாலமான நிலத்திற் புகுந்துவிட்டது. அதற்குத் தடையுத்தரவு கோரித் தனவந்தர் கோர்ட்டேறினார். 1885-ல் ஸ்காட்லாந்தின் உயர்ந்த நீதிஸ்தலம் அத்தடையை வழங்க மறுத்தது. ஆட்டுக்குட்டி வழக்கு என்று அந்நாட்டார் இதனை இன்றும் சொல்லிச் சிரிப்பர். வழக்குச் செலவுக்கு அஞ்சி வாய்மூடிப் போன குடியானவர் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்புத் தொகுதியிலும் ஏறவில்லை.

சட்டப் பேராசிரியரும் மலையேறுவதிற் பிரியமுள்ளவருமான ஜேம்ஸ் பிரைஸ், ஸ்காட்லாந்து மலைகளில் பொதுஜனங்கள் உலாவும் உரிமைக்காக 1884-ல் லண்டன் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. மீண்டும் மீண்டும் கொணரப்பட்டது; ஒரு முறையும் சட்டமாகவில்லை. நிலப்பிரபுக்கள் செல்வாக்குற்றிருந்த அச்சபையில் வேறென்ன எதிர்பார்க்கலாம்? 1999-ல் எடின்பரோவில் ஸ்காட்லாந்தியருக்கென்று சொந்தப் பார்லிமெண்டு கூடியது. நான்கு வருஷம் நிரம்புவதற்குள், 2003-ல், நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. பிரைஸ் கேட்டதினும் விரிவான உரிமையை அது ஜனங்களுக்கு அளித்தது. தன் வீட்டுக் காரியத்தைத் தானே கவனிக்கும் சபைக்கும், பிறர் வீட்டுக் காரியத்தைத் தள்ளிப்போடும் சபைக்கும் உள்ள வேற்றுமையை வாசகர் கவனிப்பாராக.

2005 முதல் அமலிலிருக்கும் இவ்வுரிமை கட்டற்றதன்று. குடியிருப்பு வீட்டைச் சுற்றிய இடம், பயிர் நிற்கும் வயல் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. மோட்டாரில் போவதற்கும் துப்பாக்கி ஏந்தி வேட்டையாடுவதற்கும் இது செல்லாது. பொறுப்புடன் நடப்பவனுக்கே பாத்தியதை உண்டு என்பது சட்டத்தின் ஜீவநாடி. இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்குமிடங்களில், நியாயமான அறிவிப்புக்கு இணங்கி வழியை மாற்றிக்கொள்வது இப்பொறுப்பைச் சேர்ந்தது.

காவலன் போய்விட்டான். ஆனால் வழிமறிப்போனுடன் வழிகாட்டுவோனும் அங்கில்லை. ஆகவே நடப்பவன் தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

பிட்லாக்ரி வரை ரெயில் உண்டு. அப்பால் மலையின் கீழ்ப்புறத்திலுள்ள பிரேஸ் ஆப் பாஸ் என்னுமிடத்துக்கு மோட்டாரில் போகலாம். அங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 6 மைல். ஏற்றம் 2,500 அடி. 1892-ல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்தியர் ஒரு கணக்கு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அதன்படி மூன்றேகால் மணி நேரம். இது தளராத காலுக்கும் நல்ல வானிலைக்கும் உரிய கணக்கு. உச்சியை நெருங்கும்போது பாதை மறைந்து பெரும் வெண்கற்களின் குவியலே எதிர்ப்படும். உணவு, இளைப்பாறல், எதிர்க்காற்று எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குவதே புத்தி. ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீளும்; டிசம்பரிலோ ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. மாரிக்காலத்தில் பனிக்கட்டி மூடிய அக்கற்களின்மேல் நடக்கப் பனிக்கோடரியும் காலிற் பூட்டும் இரும்பு முட்களும், அவற்றைக் கையாளும் பழக்கமும் வேண்டும். பழக்கமில்லாதார் கோடையையே தெரிந்துகொள்க.

அடிவாரத்தைவிட உச்சியில் வெப்பம் நாலைந்து டிகிரி குறையும். காற்றோ பன்மடங்கு உறைக்கும். எனவே மழை புகாத மேலங்கியும், கம்பளிச் சட்டையும், கணுக்காலைத் தாங்கும் உறுதியான பூட்ஸும் கோடையிலும் வேண்டும். முதல் நாள் மாலை மலைக்குரிய வானிலை அறிக்கையைப் பார்ப்பது அவசியம். கீழே ஊருக்குக் கூறும் அறிக்கை போதாது.

தேசப்படமும் திசையறி கருவியும் கையிலிருக்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியிலே படம் தெரிகிறதே என்பார் உளர். குளிரில் அதன் மின்சாரம் விரைவில் வற்றும். மேகம் சூழ்ந்த உச்சியிலே அப்போது அது வெறுங்கண்ணாடிதான். படத்திற் காணும் சம உயரக் கோடுகளுக்கும் இம்மலைக்கும் பழைய உறவுண்டு. 1774-ல் வான சாஸ்திரி மாஸ்கலின் இங்கே தங்கி, மலையின் ஈர்ப்பால் தூக்குநூற்குண்டு எவ்வளவு சாய்கிறதென்று அளந்து, பூமியின் அடர்த்தியைக் காண முயன்றார். மலையின் பருமனைக் கணக்கிட்ட ஹட்டன், ஒத்த உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டார். அக்கோடுகளை வாசிக்கத் தெரிந்தவனுக்கு எங்கே செங்குத்து, எங்கே சமதளம் என்பது புறப்படுமுன்னரே விளங்கும்.

கடைசியாக, எவ்வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். இறங்கியதும் முதற்காரியமாக அவருக்குச் செய்தி சொல்லுக. செய்தி வராவிடில் அவர் போலீசாருக்கு அறிவிப்பார். தத்தம் தொழிலை விட்டு, கூலி வாங்காமல் வரும் மலை மீட்புத் தொண்டர்கள், சௌக்கியமாக ஊர் திரும்பி உறங்குகிறவனைத் தேடி இரவெல்லாம் அக்கற்களிடையே விளக்குடன் அலைவார்கள்.